வெட்டுமுன் ஒரு மழைக்காலம்

செங்கல்பட்டுக்கும் கடலுக்கும் நடுவே பழைய தோட்டமோ கொல்லையோ வாங்கிவிட்டு, புதர் மண்டிக் கிடப்பதைப் பார்த்துக் கை பரபரக்க நிற்கும் பிள்ளைகளுக்கு இதை எழுதுகிறேன். திருக்கழுக்குன்றத்துக்குக் கிழக்கே நானும் என் வீட்டாரும் நாலு ஏக்கர் வாங்கியது 1999இல். பதினைந்து வருடம் ஏர் காணாத நிலம். ஒரு பாழுங்கிணறு, கூரை விழுந்த மோட்டார் கொட்டகை, முள்ளுக்குள் சிக்கிய ஆறு மாமரம். அதை முதலில் கெடுத்தவனும் நான், பிறகு மீட்டவனும் நான். அந்த உரிமையில் சொல்கிறேன்.

1. கத்தியை எடுக்கும் முன் காகிதத்தை எடுங்கள். பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று மூன்றும் சுத்தமாக இருக்கின்றன என்று தரகர் சொன்னால் அதோடு திருப்திப்படாதீர்கள். தாய்ப்பத்திரம் வரை போங்கள். புல வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிலத்தைச் சுற்றி நடந்து, எல்லைக் கல் ஒவ்வொன்றையும் கண்ணால் பாருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த நிலம் பஞ்சமி நிலமா என்று கேளுங்கள்.

இந்தக் கேள்வி நம் மாவட்டத்தில் பிறந்தது. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரெமென்ஹீர் 1891இல், இங்கே சேரிகளில் வாழ்ந்த மக்கள் நிலமின்றிப் படும் பாட்டை அறிக்கையாக எழுதி மேலே அனுப்பினார். அடுத்த ஆண்டு, 1892இல், அவர்களுக்கு நிலம் ஒதுக்கி அரசாணை வந்தது. அப்படிக் கொடுத்ததுதான் பஞ்சமி நிலம். பத்து ஆண்டுகள் விற்கக் கூடாது. அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே கைமாறலாம் என்பது நிபந்தனை. மாகாணம் முழுக்கச் சுமார் 12 லட்சம் ஏக்கர் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. அதில் எவ்வளவோ, கடனுக்கும் கைநாட்டுக்கும் மிரட்டலுக்கும் பலியாகிப் பிறர் கைக்குப் போனது. அதைத் திரும்பக் கேட்டு, மாமல்லபுரம் பக்கத்துக் காரணை நிலத்துக்காக 1994இல் நடந்த போராட்டத்தில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டுக்கு ஜான் தாமஸ், ஏழுமலை என்று இரண்டு பேர் உயிரைக் கொடுத்தார்கள். நீங்கள் காய்கறி போட நினைக்கும் மண்ணைப் பற்றிய செய்தி இது. இப்போதைய பட்டாவில் அந்த நிபந்தனை தெரியாமல் போகலாம். 1980களில் யு.டி.ஆர். என்ற நிலப் பதிவேட்டுத் திருத்தத்தில் புதுக் கணக்கு எழுதியதற்கு முந்தைய ‘அ’ பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பஞ்சமி நிலம் என்று தெரிந்தால், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும், எந்த வக்கீல் வழி சொன்னாலும், எழுந்து வந்துவிடுங்கள். மலிவாகக் கிடைப்பதே பல சமயம் அதனால்தான்.

2. வாங்கியாயிற்றா? வேலி போடாதீர்கள். ஒரு மாதம் காலையிலும் மாலையிலும் ஓர் ஓரமாக உட்கார்ந்து, யார் யார் உள்ளே நடக்கிறார்கள் என்று பாருங்கள். விறகு பொறுக்க வருகிறவர், ஆடு ஓட்டி வருகிறவர், எலி பிடிக்க வரும் இருளர், சுடுகாட்டுக்குக் குறுக்கே போகும் ஊரார். பத்திரத்தில் இல்லாத வழிகள் இவை. ஊர்ப் பெரியவரைக் கூப்பிட்டு, எந்த வழியை எப்போதும் விடவேண்டும் என்று கேட்டு விட்டுவிடுங்கள். வழியை அடைத்துவிட்டு அந்த ஊரில் ஆள் கூப்பிட்டால் ஒருவரும் வரமாட்டார்கள், வராததும் நியாயம்தான்.

3. ஒரு மழைக்காலத்தை முழுசாகப் பாருங்கள். நான் செய்த பெரிய தப்பு இங்கேதான். செப்டம்பரில் ஜேசிபியைக் கொண்டு வந்து நாலு ஏக்கரையும் இரண்டே நாளில் வழித்து எடுத்தேன். உள்ளங்கை போல ஆன நிலத்தைப் பார்த்து வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ஐப்பசியில் அடைமழை பிடித்தது. மூன்றாம் நாள் எங்கள் மேல்மண் முழுக்கச் சேறாகக் கீழ்க்கழனிக்காரருடைய சம்பா நாற்றின் மேல் படிந்து கிடந்தது. நான் வெட்கத்தோடு போய் நின்றேன். அவர் கத்தவில்லை. “தண்ணி எந்தப் பக்கம் போவும்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே சாமி” என்றார். அந்த மண்ணைத் திரும்பச் சேர்க்க எனக்கு எட்டு வருடம் ஆனது.

நம் பக்கம் ஏரிகளின் சீமை. ஒன்று நிரம்பினால் கலங்கல் வழியாக அடுத்ததற்குத் தண்ணீர் போகும். உங்கள் புதருக்குள் குப்பையும் முள்ளுமாகக் கிடக்கும் பள்ளம், கீழே ஒரு தாங்கலுக்குப் போகும் வரத்துக் கால்வாயாக இருக்கலாம். அதைத் தூர்த்துச் சமன் செய்தால் நூறு ஏக்கர் ஆயக்கட்டு காயும். மழை பெய்யும்போது குடையோடு போய் நடந்து பாருங்கள். ஏரித் தண்ணீரைப் பங்கிட்டு விடும் நீர்க்கட்டியையும் கூட்டிக்கொண்டு போங்கள். எந்த நீர் எங்கே திரும்பும் என்பது அவருக்கு மனப்பாடம்.

4. வெட்டும் வேலையைத் தையில் தொடங்குங்கள். மழை ஓய்ந்திருக்கும், மண்ணில் ஈரமும் இருக்கும். வேர் இளகி வரும். மொத்தத்தையும் ஒரே மூச்சில் எடுக்காமல், சரிவுக்குக் குறுக்கே பட்டை பட்டையாக, ஒரு பட்டை வெட்டி ஒரு பட்டை விடுங்கள். சீமைக் கருவேலத்தை மட்டும் தரையோடு அறுத்தால் முன்னைவிட அடர்த்தியாகத் தழையும். மண்ணுக்குச் சற்றுக் கீழே அதன் முளைக்கணு இருக்கிறது; ஓர் அடி ஆழமாவது தோண்டி அடிக்கட்டையோடு எடுக்க வேண்டும். நெற்றைத் தின்ற ஆடும் மாடும் சாணத்தோடு விதையைப் போட்டுவிட்டுப் போயிருக்கும். ஆகவே மழைக்குப் பின் வரும் கன்றுகளைக் கையால் பிடுங்கும் வேலை நாலைந்து வருடத்துக்கு உண்டு. அதைக் குழந்தைகளிடம் விடலாம், காலில் செருப்போடு.

எல்லா முள்ளும் சீமைக் கருவேல் என்று நினைத்துவிடாதீர்கள். காரை, களா, சங்கஞ்செடி, சூரை எல்லாம் இந்த மண்ணுக்குச் சொந்தமான புதர்கள். பறவை எச்சத்தில் விழுந்து முளைத்த நாவலும் வேம்பும் வீரையும் அவற்றின் நிழலில் ஒளிந்து நிற்கும். இனம் தெரிந்த ஒருவரோடு முதலில் நடந்து, விட வேண்டிய செடியில் சிவப்புத் துணி கட்டுங்கள். நான் வழித்தெடுத்த அந்த இரண்டு நாளில் எத்தனை நாவல் போயிற்றோ.

5. பாம்பைக் கொல்லாதீர்கள், இருளரைக் கூப்பிடுங்கள். வடநெம்மேலியில் முதலைப் பண்ணை வளாகத்தில் 1978இல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கம், பிடித்த பாம்பில் நஞ்சு எடுத்துவிட்டு அதைத் திரும்பக் காட்டிலே விடுகிறது. அந்த நஞ்சிலிருந்துதான் நாட்டின் பல பகுதிகளுக்கும் பாம்புக்கடி மருந்து போகிறது. 2023இல் பத்மஸ்ரீ பெற்ற வடிவேல் கோபாலும் மாசி சடையனும் நம் மாவட்டத்து இருளர்கள். வளையின் வாயைப் பார்த்தே உள்ளே இருப்பது எலியா விரியனா என்று சொல்லக்கூடிய கண் அவர்களுடையது. அந்த அறிவுக்கு உரிய கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.

கடித்துவிட்டால் கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள். கடிபட்டவரை நடக்கவிடாமல் நேராகச் செங்கல்பட்டு அரசு மருத்துவமனைக்கு வண்டியை விடுங்கள். புதருக்குள் கை விடும் முன் நீளக் கம்பால் தட்டுங்கள். செங்கல் குவியலை வெறுங்கையால் புரட்டாதீர்கள்.

6. பாழுங்கிணற்றில் யாரையும் இறக்காதீர்கள். அழுகிய தழை, சேறு, பல வருடத்து இருட்டு. அடியில் விஷவாயு தங்கியிருக்கும். ஒருவர் மயங்க, காப்பாற்ற இறங்கிய தம்பியும் மயங்க, ஒரே வீட்டில் இரண்டு சாவு என்பது நாம் அடிக்கடி படிக்கும் செய்தி. விளக்கை இறக்கிப் பார்த்தால் போதும் என்ற பழைய நம்பிக்கையை நம்பாதீர்கள். விளக்கு எரியும்போதே கொல்லும் வாயுவும் உண்டு. டீசல் என்ஜினைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டவே கூடாது. மேலிருந்து இறைத்து, தூர் வாரும் இயந்திரம் வைத்திருப்பவரைக் கூப்பிட்டு எடுங்கள். செலவு கூடத்தான். கணக்குப் பார்க்காமல் கொடுங்கள்.

7. வெட்டியதற்குத் தீ வைக்காதீர்கள். கட்டை கரிமூட்டக்காரருக்குப் போகட்டும். நெற்று இல்லாத தழையைச் சரிவுக்குக் குறுக்கே அணையாக அடுக்குங்கள். அடுத்த மழையில் மண் அங்கே தேங்கும். காலியான பட்டையில் உடனே தக்கைப்பூண்டோ சணப்பையோ விதையுங்கள்.

8. பனையைத் தொடாதீர்கள். ஆட்சியர் அனுமதியில்லாமல் வெட்டவும் முடியாது.

9. பக்கிங்காம் கால்வாய்க்குக் கிழக்கே வாங்கியவர்களுக்குத் தனியாக ஒன்று. அங்கே மணலுக்குள் மழைநீர், கீழே இருக்கும் உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. ஆழமாக போர் போட்டு இரவும் பகலும் இறைத்தால் கடல் மேலேறி வரும். உங்களுக்கு மட்டுமல்ல, பக்கத்துக் குப்பத்துக் குடிநீருக்கும் உப்பேறும். ஆழமில்லாத கிணறு, சின்ன மோட்டார், ஒரு நாளைக்குக் கொஞ்ச நேரம். கடலோர ஒழுங்குமுறை எல்லைக்குள் எதையும் கட்டும் முன் அனுமதி கேளுங்கள். இருக்கிற சவுக்கை அறுத்தாலும் கடல் பக்கத்து இரண்டு வரிசையை விட்டுவையுங்கள். உப்புக்காற்று அங்கே நிற்கும்.

10. வேம்படியில் ஏழு செங்கல்லோ கல்லோ மஞ்சள் பூசி வரிசையாக இருந்தால் அது கன்னிமார். நகர்த்தாதீர்கள். மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடற்கரையில் ஆயிரக்கணக்கில் கூடும் இருளர்கள் கும்பிடுவதும் கன்னியம்மனைத்தான். உங்கள் வேம்படி அவர்களில் யாரோ ஒருவருடைய பாட்டி வைத்ததாக இருக்கலாம். அதுபோலவே, பெரிய கற்கள் வட்டமாகப் பாதி புதைந்து நின்றால் ஜேசிபியை நிறுத்துங்கள். சாணூரிலும் குன்னத்தூரிலும் தொல்லியல் துறை 1950களில் அகழ்ந்து பார்த்த பெருங்கற்கால ஈமக்குழிகளின் வகையைச் சேர்ந்ததாக அது இருக்கக்கூடும். தாசில்தாருக்குச் சொல்லிவிட்டு, அந்த இடத்தை மட்டும் விட்டு உழுங்கள்.

11. பணத்தை மூன்றாகப் பிரித்து ஒரு பங்கை மட்டும் முதல் வருடம் செலவழியுங்கள். வீடு கட்டுவது கடைசி. அதுவரை ஒரு கொட்டகை, ஒரு பாய், தண்ணீர்க் குடம் போதும்.

ஆடி, ஆவணி, புரட்டாசி முழுக்க வெறுமனே நடந்து பாருங்கள், ஐப்பசி கார்த்திகையில் நனைந்து பாருங்கள். காணும் பொங்கலுக்கு மறுநாள் காலை வந்து சொல்லுங்கள். என்னிடம் இரண்டு கடப்பாரை இருக்கின்றன, முதல் பட்டைக்கு நானும் வருகிறேன்.