நாலு முட்டை போதுமா?

அறுப்பின் பண்டிகை ஏலத்தில் மற்றவர்கள் ஆயிரக்கணக்கில் கேட்கிறார்கள். நான் காணிக்கையாகக் கொண்டுபோவது நாலு முட்டையும் ஒரு பூசணிக்காயும்தான். கூச்சமாக இருக்கிறது, ஐயா.
— வாசகி, நாசரேத்

கூச்சமே வேண்டாம், சகோதரி. எருசலேம் ஆலயத்தில் காணிக்கைப் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்திருந்த இயேசு, சீஷர்களைக் கூப்பிட்டுக் காட்டியது இரண்டே காசு போட்ட ஏழை விதவையைத்தான். அன்று புழக்கத்தில் இருந்ததிலேயே சின்னச் செப்புக்காசு அது. மாற்கு 12-ஆம் அதிகாரத்தை இன்றிரவே வாசியுங்கள். அன்பில்லாமல் சொத்தையே அள்ளிக் கொடுத்தாலும் கணக்கில் சேராது என்றுதான் பவுலும் கொரிந்து சபைக்கு எழுதுகிறார்.

முட்டைகளைத் துடைத்து, தவிட்டில் பொதிந்து தைரியமாகக் கொண்டுபோங்கள். சபையார் சேர்ந்து உண்ணும் அசனச் சாப்பாட்டில் ஒரு பங்கு வாங்கி, கோயிலுக்கு வர முடியாமல் படுத்திருக்கும் பாட்டி யாராவது இருந்தால் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து பேசிவிட்டு வாருங்கள். ஏலத்தில் யார் எவ்வளவு கேட்டார்கள் என்ற பேச்சு மட்டும் அங்கே வேண்டாம்.