ஆனதோத்தூர் நிலம்

கர்த்தருக்குள் பிரியமான தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. புத்தாண்டுப் பிறப்பின் நடுராத்திரி ஆராதனையில் உன் கைக்கு வந்த வாக்குத்தத்த அட்டையை வேதபுத்தகத்தினுள் பத்திரமாக வைத்திருந்தும், வருஷங்கள் கழிந்தனவேயன்றி அது நிறைவேறக் காணோமென்றும், அதனால் உள்ளத்தில் எழுந்த சந்தேகமே ஒரு பாவமோ என்று அஞ்சுவதாகவும், இந்நிலையில் படிப்பைத் தொடருவதா அல்லது தேவன் வழி திறக்கும்வரை சும்மா காத்திருப்பதா என்றும் எழுதியிருக்கிறாய்.

உன் அட்டையில் உள்ளது எரேமியா 29ஆம் அதிகாரத்தின் 11ஆம் வசனம். தேவன் நம்மேல் கொண்டிருப்பவை தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே என்று நம்மவர் வீட்டுச் சுவர்களில் அடிக்கடி காணும் வசனம் அது. ஆனால் அதற்கு முந்தின 10ஆம் வசனத்தை எவரும் அட்டையில் அச்சிடக் கண்டதில்லை. பாபிலோனில் 70 வருஷம் நிறைவேறின பின்புதான் ஜனங்கள் தங்கள் தேசத்துக்குத் திரும்புவார்கள் என்பது அதன் செய்தி. சிறைப்பட்டுப் போயிருந்த அந்த ஜனங்களிடையே எரேமியாவின் நிருபம் வாசிக்கப்பட்டபோது, அதைக் கேட்ட முதியவர்களில் அநேகர், அந்த வாக்கின் நிறைவேறுதலைத் தங்கள் கண்களால் காணப்போவதில்லை என்பதையும் கூடவே கேட்டுக்கொண்டார்கள்.

ஏறக்குறைய அதே காலத்தில் அனனியா என்னும் ஒருவன் எழும்பி, இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று ஆலயத்திலே சகல ஜனங்களுக்கும் முன்பாகச் சொல்லி, பாபிலோனுக்குக் கீழ்ப்படிவதன் அடையாளமாக எரேமியாவின் கழுத்திலிருந்த மரநுகத்தையும் உடைத்துப் போட்டான். எரேமியாவோ, அப்படியே ஆகட்டும் என்று முதலில் ஆமென் சொன்னான். ஜனங்களுக்கு நன்மை சீக்கிரம் வரவேண்டுமென்ற ஆசை அவனுக்கும் இருந்தது. ஆனாலும் அந்த இரண்டு வருஷம் தேவன் குறித்த காலமன்று. இன்றும் தேவனுடைய பெயரால் தேதி குறித்துக் கொடுப்பவர்கள் உண்டு. அந்தத் தேதி பொய்க்கும்போது, குறித்தவனை விட்டுவிட்டுத் தேவனையே சந்தேகிக்கத் தலைப்படுகிறோம் என்பதுதான் எனக்கு மிகுந்த வேதனை தருகிறது. தம்பி, நீ சந்தேகிப்பது வாக்குத்தத்தத்தையா, அல்லது அதன்மேல் நீயோ பிறரோ எழுதிவைத்த தேதியையா என்று முதலில் பிரித்துப் பார்.

இப்பொழுது 32ஆம் அதிகாரத்துக்கு வா. கி.மு. 587ஆம் ஆண்டையொட்டிய காலம். பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சாரின் சேனை எருசலேமை முற்றுகையிட்டிருக்கிறது. பஞ்சமும் கொள்ளைநோயும் நகரத்தை வாட்டுகின்றன. ஏறக்குறைய 40 வருஷம் ஊழியம் செய்த எரேமியா, சிதேக்கியா ராஜாவின் காவல்சாலை முற்றத்தில் அடைபட்டிருக்கிறான். அப்பொழுது அவனுடைய பெரிய தகப்பன் மகன் அனாமெயேல் வந்து, ஆனதோத்தூரிலுள்ள தன் நிலத்தை வாங்கிக்கொள்ளும்படி கேட்கிறான். எருசலேமுக்கு வடகிழக்கே ஒரு மணி நேர நடைத்தொலைவிலுள்ள அந்த ஊர், நகரத்து மதிலுக்கு வெளியே, பகைவர் ஆதிக்கம் பரவியிருந்த பிரதேசத்தில் கிடந்தது. அதுவுமன்றி, ஆனதோத்தூர் மனிதர் முன்னொரு காலத்தில் எரேமியாவின் பிராணனையே வாங்கத் தேடியவர்கள். அவனுக்கோ, விவாகம் செய்யவேண்டாமென்ற தேவகட்டளையினால், நிலத்தைச் சுதந்தரிக்க ஒரு பிள்ளையும் இல்லை. ஆயினும் அவன் 17 சேக்கல் வெள்ளியைத் தராசிலே நிறுத்துக் கொடுத்து, சாட்சிகள் கையெழுத்திட்ட கிரயப்பத்திரங்களை, முத்திரையிட்டதும் திறந்திருந்ததுமாக இரண்டையும், நெடுங்காலம் இருக்கும்படி மண்பாண்டத்தில் வைக்குமாறு தன் எழுத்தராகிய பாருக்கிடம் ஒப்புவித்தான்.

சந்தேகம் பாவமோ என்ற உன் கேள்விக்கு விடை அதற்குப் பின்வரும் ஜெபத்தில் இருக்கிறது. பத்திரம் முடிந்த பிறகே எரேமியாவின் கலக்கம் வெளிப்படுகிறது. வானத்தையும் பூமியையும் உண்டாக்கியவருக்கு முடியாத காரியமில்லை என்று தொடங்கும் அந்த ஜெபம், நகரம் கல்தேயராகிய பாபிலோனியர் கையில் விழப்போகிறதே, இந்த வேளையில் நிலம் வாங்கச் சொன்னீரே என்ற திகைப்பில் வந்து நிற்கிறது. அதற்காக அவன் கண்டிக்கப்படவில்லை. நீண்டதொரு பதிலைப் பெற்றான். ஆகையால் உன் சந்தேகத்தைக் குறித்து நாணாதே. எனக்கு எழுதிய அதே வார்த்தைகளை, ஒன்றையும் மெருகிடாமல், அவரிடமும் சொல்.

நகரம் விழுந்தது, ஆலயம் எரிந்தது, எரேமியா தன் விருப்பத்துக்கு மாறாக எகிப்துக்குக் கொண்டுபோகப்பட்டான். அந்த நிலத்தில் அவன் ஒருநாளும் உழுததாக வேதத்தில் இல்லை. கி.மு. 539இல் பாபிலோன் பெர்சிய ராஜாவாகிய கோரேசின் கைக்கு வந்த பிறகு, ஊர் திரும்பினவர்களின் அட்டவணையை எஸ்றாவின் புத்தகம் தருகிறது. வெறும் பெயர்ப்பட்டியல் என்று நாம் தாண்டிச் செல்லும் அந்த 2ஆம் அதிகாரத்தில், ஆனதோத்தூர் மனிதர் 128 பேர் என்று ஒரு வரி இருக்கிறது. அதை வாசிக்கும்போதெல்லாம் என் நெஞ்சு நிறைந்துவிடுகிறது.

படிப்பைப் பற்றிக் கேட்டாயே. 70 வருஷக் காத்திருப்பை அறிவித்த அதே நிருபம், வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள், விவாகம் செய்யுங்கள், நீங்கள் இருக்கும் பட்டணத்தின் நன்மையைத் தேடுங்கள் என்றும் கட்டளையிடுகிறது. ஆகவே பரீட்சைக் கட்டணத்தை இந்த மாதமே கட்டிவிடு. பணம் குறைந்தால் கூச்சப்படாமல் எனக்கு எழுது.

உன் அன்புள்ள,
அண்ணன்