கிட்டிமாட் போய்ச் சேராத குழாய்

புத்தூர் ஸ்டேஷனில் காத்திருந்தபோது எண்ணெய் டாங்க் வேகன்கள் கோத்த நீண்ட சரக்கு வண்டி ஒன்று கடந்து போயிற்று. உடன் வந்த கார்வேட்டிநகரத்துப் பையன், "தாத்தா, இதையெல்லாம் ஒரே குழாயில் விட்டுவிடக் கூடாதா?" என்று கேட்டான். பதில் சொல்ல ஆரம்பிப்பதற்குள் எங்கள் வண்டி வந்துவிட்டது. மீதியைச் சங்கத்து அன்பர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

குழாயில் விடலாம். அதற்குக் கனடாவில் போட்ட பெரிய திட்டம் ஒன்று உண்டு. பெயர் நார்தர்ன் கேட்வே. என்பிரிட்ஜ் கம்பெனி முன்மொழிந்தது. ஆல்பர்ட்டா மாகாணத்தின் புரூடர்ஹைமிலிருந்து பசிபிக் கரையின் கிட்டிமாட் வரை 1,177 கிலோமீட்டர். அங்கிருந்து கப்பலில் ஆசிய நாடுகளுக்கு ஏற்றுமதி.

ஆல்பர்ட்டா எண்ணெய் மணலில் கிடைக்கும் பிட்டுமென் தார் போலக் கெட்டி, அப்படியே ஓடாது. கண்டென்சேட் என்ற இலேசான திரவத்தைக் கலந்து இளக்க வேண்டும். ஆகவே ஒரே பாதையில் இரண்டு குழாய்கள்: எண்ணெய் மேற்கே போக 36 அங்குலம், கண்டென்சேட் கிழக்கே வர 20 அங்குலம். எண்ணெய்க் குழாயின் அளவு நாளொன்றுக்கு 5,25,000 பீப்பாய். பீப்பாய்க்கு 159 லிட்டர். நம் டாங்க் வேகனில் சுமார் 70,000 லிட்டர் பிடிக்கும் என்று வைத்தால் தினம் 1,190 வேகன், அதாவது ஐம்பது வேகன் கொண்ட 24 ரேக்! எண்ணெய் கனமாக இருந்தால் எடை வரம்பினால் இன்னும் கூடும்.

மலையில் இரண்டு சுரங்கங்கள், ஒவ்வொன்றும் சுமார் 6.5 கிலோமீட்டர். கொங்கண் ரயில்வேயின் கர்புடே சுரங்கமும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஆக வேலை செய்ய முடியாத திட்டமல்ல.

பயம் வேறு இடத்திலிருந்து வந்தது. 2010 ஜூலையில் அதே கம்பெனியின் வேறொரு குழாய் அமெரிக்காவின் மிச்சிகனில் வெடித்தது. கட்டுப்பாட்டு அறையில் எச்சரிக்கை மணி அடித்தும், குழாய்க்குள் வெற்றிடம் உண்டாகியிருக்கிறது என்று நினைத்து இரண்டு தடவை மறுபடியும் பம்பை ஓட்டினார்கள். சிக்னல்தான் பழுது என்று சிவப்பைத் தாண்டுவதற்கு ஒப்பான காரியம். கசிவு தெரிய 17 மணி நேரத்துக்கு மேலாயிற்று. 20,000 பீப்பாய்க்கு மேல் வெளியேறி, கனமான பகுதி கலமஸூ ஆற்றின் அடியில் படிந்தது. ரயில்தான் பத்திரம் என்று சொல்ல எனக்கு வாயில்லை. 2013 ஜூலையில் லாக்-மெகாண்டிக் ஊரில் எண்ணெய் ரயில் தடம்புரண்டு 47 பேர் மாண்டார்கள்.

2014 ஏப்ரலில் கிட்டிமாட் ஊர்மக்கள் வாக்கெடுப்பில் பெரும்பான்மையோர் வேண்டாம் என்றனர். ஆனாலும் ஜூனில் மத்திய அரசு 209 நிபந்தனைகளோடு அனுமதி கொடுத்தது. வழியிலும் கடற்கரையிலும் வாழும் பூர்வகுடிகள் வழக்குத் தொடுத்தனர். 2016 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம், மூவரில் இருவர் தீர்ப்பாக, அனுமதியை ரத்து செய்தது. பொறியியலில் அது குறை காணவில்லை. விசாரணைக் குழுவின் அறிக்கை வந்தபின் அரசு அந்த மக்களோடு உட்கார்ந்து சரியாகப் பேசவில்லை, அவர்கள் கேட்ட அவகாசத்தைக் கொடுக்கவில்லை என்பதே குற்றம்.

இதைப் படித்தபோது எனக்குப் பழைய ஞாபகம் ஒன்று உறுத்தியது. சர்வேயில் இளம் உத்தியோகஸ்தனாக இருந்தபோது ஒரு வேர்க்கடலைக் கொல்லையில் கல் நட்டுவிட்டு, பிற்பாடு சொந்தக்காரரிடம் விவரம் சொல்லப் போனேன். "கல்லுதான் நட்டாச்சே சாமி, இப்ப என்னை எதுக்குக் கேக்கறீங்க?" என்றார் பெரியவர். லெவல் புத்தகத்தைப் புரட்டுவது போல் பாவனை செய்துகொண்டு திரும்பிவிட்டேன்.

2016 நவம்பரில் கனடா அரசு நார்தர்ன் கேட்வேயை அடியோடு நிராகரித்தது. அன்றைக்கே, தெற்கே பர்னபிக்குப் போகும் பழைய டிரான்ஸ் மவுண்டன் குழாயை விரிவாக்க அனுமதி தந்தது. 2018 ஆகஸ்டில் அந்த அனுமதியையும் நீதிமன்றம் ரத்து செய்தது. பேசிய விதம் போதாது என்பது அங்கேயும் ஒரு காரணம். மறுபடி போய்ப் பேசி, 2019 ஜூனில் மீண்டும் அனுமதி கொடுத்து, 2024 மே மாதத்தில்தான் விரிவாக்கிய குழாயில் எண்ணெய் ஓடியது.