நிறுத்தும் மாத்திரையும் நிறுத்த வேண்டிய மாத்திரையும்

ஆண்டாப் ஹில்லில் மத்திய அரசு ஊழியர் குடியிருப்பில் ஒரு வீடு. அவ்வீட்டுச் சிறுமி 7-ஆம் வகுப்பு மாணவி. ஆங்கிலக் கட்டுரைக்கு வகுப்பில் முதல் மதிப்பெண் பெறுபவள். இந்தியும் மராத்தியும் தடையின்றிப் பேசுபவள். தமிழை வீட்டில் பேசுவாள். எழுதத் தொடங்கியது மட்டும் பள்ளியில் அதனை விருப்பப் பாடமாக எடுத்த பின்னர்தான்.

திருநெல்வேலியிலிருந்து அவளுடைய ஆச்சி வந்து சில மாதங்கள் அவர்களோடு தங்கியிருந்தார். ஆச்சிக்குத் தமிழ் எழுத்தன்றி வேறு எழுத்துத் தெரியாது. ஆனால் தமிழில் எது கிடைத்தாலும், அது பலசரக்குப் பொட்டலம் கட்டி வந்த தாளாக இருந்தாலும், ஒரு வரி விடாமல் படித்துவிடுவார்.

ஒருநாள் மாலை அப்பா ஆச்சியை மருத்துவரிடம் காட்டி அழைத்து வந்தார். மூன்று காகித உறைகளையும் ஒரு சீட்டையும் மகளிடம் கொடுத்து, "ஆச்சிக்குப் புரியும்படி உறைகளின் மேல் தமிழில் எழுதி வை" என்று சொல்லிவிட்டு இரவுப் பணிக்குப் புறப்பட்டார். சீட்டில் ஆங்கிலத்தில் மூன்று குறிப்புகள் இருந்தன. முதல் உறைக்கு 'டேப்லெட்ஸ் டு டேக்'. ஊரிலிருந்து ஆச்சி கொண்டுவந்த பழைய மாத்திரைகள் இருந்த இரண்டாம் உறைக்கு 'டேப்லெட்ஸ் டு ஸ்டாப்'. மூன்றாவதற்கு 'டேப்லெட் டு டேக் வித் மில்க் இன் த மார்னிங்'.

சிறுமி அழகான கையெழுத்தில் எழுதினாள்: "எடுக்கும் மாத்திரை", "நிறுத்தும் மாத்திரை", "எடுக்கும் மாத்திரை பாலுடன் காலையில்".

ஆச்சி இரண்டாவது உறையைக் கண்ணருகே வைத்துப் படித்தார். "இது எதை நிறுத்தும் அம்மா?" என்று கேட்டார்.

"எதையும் நிறுத்தாது ஆச்சி. இதைத்தான் நீங்கள் நிறுத்த வேண்டும்."

"அப்படியா? தலைச்சுற்றலை நிறுத்தும் என்றல்லவா நினைத்தேன்! இதைத்தான் முதலில் போட்டுக்கொள்ள இருந்தேன்."

சிறுமி எழுதுகோலை எடுத்து அந்த வரியை அடித்தாள்.

அவள் எழுதியவற்றுள் பொருள் தெரியாமல் எழுதிய சொல் ஒன்றுமில்லை. 'ஸ்டாப்' என்பதற்கு நிறுத்து என்பதே பொருள். பிழை சொல்லில் இல்லை. வினைச்சொல் பெயர்ச்சொல்லோடு சேர்ந்த முறையில் இருந்தது.

ஆங்கிலத்தில் ஒரு பெயருக்குப் பின் 'டு' என்னும் சொல்லையும் வினையையும் வைத்தால் போதும். பெயரும் வினையும் இணைந்துவிடும். அந்தப் பெயர் வினையைச் செய்வதா, வினைக்கு உள்ளாவதா என்பதை அவ்வமைப்புச் சொல்லாது. 'த மேன் டு ஹெல்ப்' என்றால் உதவக்கூடிய மனிதராகவும் இருக்கலாம். உதவி பெற வேண்டிய மனிதராகவும் இருக்கலாம். படிப்பவர் இடமறிந்து பொருள் கொள்கிறார்.

தமிழில் வழி வேறு. இங்கு முற்றுப்பெறாத வினைகள் இரு வகைப்படும். பெயரைக் கொண்டு முடிவது பெயரெச்சம். வினையைக் கொண்டு முடிவது வினையெச்சம். 'குடிக்கும்', 'குடித்த' என்பன பெயரெச்சங்கள். 'குடிக்க', 'குடித்து' என்பன வினையெச்சங்கள். ஆங்கிலத்தின் 'டு' வடிவத்திற்கு மாணவர்கள் முதலில் நினைப்பது 'குடிக்க', 'நிறுத்த' போன்ற வடிவத்தையே. இலக்கண நூலார் இதனைச் 'செய' என்னும் வாய்பாட்டு எச்சம் என்பர். இது வினையைத் தேடிச் செல்லும் சொல். பெயரின் அருகில் நின்றாலும் பெயரோடு சேராது.

'குடிக்கத் தண்ணீர் கொடு' என்னும் தொடரைப் பார்க்க. 'குடிக்க' என்பது தண்ணீருக்கு அருகில் இருக்கிறது. ஆனால் அது சேர்வது 'கொடு' என்னும் வினையோடு. ஐயமிருந்தால் சொற்களை இடம் மாற்றிப் பார்க்கலாம். 'தண்ணீர் குடிக்கக் கொடு' என்றாலும் தொடர் நிற்கும். 'குடிக்கும் தண்ணீர் கொடு' என்பதை அவ்வாறு மாற்ற இயலாது. 'தண்ணீர் குடிக்கும் கொடு' என்பது தமிழே அன்று. காதும் இதற்கு உதவும். 'குடிக்கத் தண்ணீர்' என்பதில் தகர ஒற்று மிகுகிறது. 'குடித்த தண்ணீர்' என்பதில் மிகவில்லை. இரண்டும் அகரத்தில் முடிந்தாலும், வினையெச்சத்தின் பின் வல்லினம் மிகும். பெயரெச்சத்தின் பின் மிகாது. ஒற்றெழுத்துப் போடுவதை வெறும் எழுத்துப்பிழைக் கணக்காக நினைக்கும் மாணவர் பலர். அது சொல் எங்கே போய்ச் சேர்கிறது என்பதைக் காட்டும் குறி.

உறையின் மேல் எழுதும்போது பின்னால் வினை வராது. மாத்திரை என்னும் பெயர் மட்டுமே வரும். ஆகவே பெயரெச்சம் வேண்டும் என்று சிறுமி உணர்ந்தது சரியே. ஆனால் 'செய்யும்' என்னும் பெயரெச்சம் பல வகைப் பெயர்களை ஏற்கும். படிக்கும் பையன் செய்பவன். படிக்கும் புத்தகம் செயப்படுபொருள். படிக்கும் அறை இடம். படிக்கும் வேளை காலம். எது என்பதை வரும் பெயரின் இயல்பே காட்டும். புத்தகம் படிக்காது, ஆகவே அங்கே குழப்பமில்லை. மாத்திரையோ வலியை நிறுத்தும், இருமலை நிறுத்தும். எனவே ஆச்சி அதனைச் செய்யும் பொருளாகவே கொண்டார். தமிழறிந்த எவரும் அப்படித்தான் கொள்வர்.

'நிறுத்த வேண்டிய மாத்திரை' என்று எழுதியிருந்தால் இந்த ஐயம் எழாது. 'நிறுத்த' என்னும் வினையெச்சம் 'வேண்டிய' என்பதைக் கொண்டு முடிகிறது. 'வேண்டிய' என்னும் பெயரெச்சம் மாத்திரையைக் கொண்டு முடிகிறது. கடமை மனிதருக்கு உண்டு, மாத்திரைக்கு இல்லை; ஆதலால் மாத்திரை செயப்படுபொருள் என்பது தெளிவு. பெயர் மனிதரைக் குறித்தால் 'வேண்டிய' மட்டும் போதாது. அப்போது வேற்றுமை உருபு துணைக்கு வரும்: 'நாம் உதவ வேண்டிய மனிதர்', 'நமக்கு உதவ வேண்டிய மனிதர்'. ஆங்கிலத்தில் ஒன்றாக இருந்த இரு பொருள்களை 'கு' என்னும் ஓர் உருபு பிரித்துவிடுகிறது.

மூன்றாவது உறையில் நேர்ந்தது வரிசைப் பிழை. ஆங்கிலத்தில் மாத்திரை முதலில் வரும். பின்னர் உட்கொள்ளுதல், பால், காலை என விளக்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரும். தமிழில் விளக்குவன எல்லாம் முன்னே வந்து, விளக்கப்படும் பெயர் கடைசியில் நிற்கும்: 'காலையில் பாலுடன் உட்கொள்ள வேண்டிய மாத்திரை'. ஆங்கிலத் தொடரைக் கண்ணாடியில் பார்த்தது போன்ற வரிசை இது. 'இன்', 'வித்' என்னும் முன்னிடைச் சொற்கள் இங்கே 'இல்', 'உடன்' என்று சொல்லின் பின்னால் ஒட்டிக்கொள்கின்றன. 'எடுக்கும்' என்பதும் ஆங்கிலத்திலிருந்து வந்த பழக்கமே. ஊரில் ஆச்சி மாத்திரை போடுவார் அல்லது சாப்பிடுவார். எழுத்து வழக்கில் உட்கொள்வார். எடுப்பது அலமாரியிலிருந்து மட்டுமே.

மும்பையில் வாழும் பிள்ளைகளுக்கு இவ்வேறுபாட்டை அறிய அயல்மொழிகளும் துணைசெய்யும். இரயில் நிலையக் குழாயின் மேல் மராத்தியில் 'பிண்யாசே பாணீ' என்றும் இந்தியில் 'பீனே கா பானீ' என்றும் எழுதியிருப்பர். இரண்டிலும் குடித்தல் என்னும் வினைவடிவைத் தண்ணீரோடு சேர்க்க ஓர் உருபு நடுவில் வருகிறது. தமிழகத்து நிலையங்களில் அதே குழாயின் மேல் 'குடிநீர்' என்றிருக்கும். இது வினைத்தொகை, காலம் காட்டும் உறுப்பும் மறைந்து, வினைப்பகுதி நேரே பெயரோடு ஒட்டிக்கொண்டது. ஊறுகாய், எழுதுகோல் ஆகியனவும் இவ்வாறு அமைந்தவையே. இத்தனை சுருக்கம் குழாய்க்குப் பொருந்தும். மருந்து உறைக்குப் பொருந்தாது.

வினையெச்சத்தை வாய்பாடுகளாக வகுக்கும்போது தொல்காப்பியம் 9 வாய்பாடுகளைக் கூறுகிறது. நன்னூல் 12 கூறுகிறது. தொல்காப்பியத்தின் ஒன்பதில் ஒன்று 'செயற்கு'. இதில் நான்காம் வேற்றுமைக்குரிய 'கு' இருப்பதைக் காண்க. 'ஆச்சி காய் வாங்குவதற்கு மாதுங்காவிற்குப் போனார்' என்னும்போது இடத்திற்கும் நோக்கத்திற்கும் ஒரே உருபு வருகிறது. ஆங்கிலத்தின் 'டு'வும் இவ்விரு வேலைகளையும் செய்கிறது. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்தில் அந்த 'டு'விற்குப் பின் வந்த வினை, பெயரைப் போலவே வேற்றுமை ஏற்று நின்றது. மராத்தியில் விருந்தினரை அழைக்கும் 'ஜேவாயலா யே' என்பதன் 'லா'வும், எனக்கு எனப் பொருள்படும் 'மலா' என்பதன் 'லா'வும் அத்தகையனவே. தமிழ் மட்டும் 'கு' இல்லாமலும் அதைச் சொல்லும்: சாப்பிட வா.

பயிற்சி

மேற்கண்ட மூன்று உறைகளிலும் எழுத வேண்டியவற்றை ஆச்சிக்குப் புரியுமாறு எழுதுக. 'வெளியே கொண்டுபோகும் பெட்டி', 'வெளியே கொண்டுபோக வேண்டிய பெட்டி' ஆகியவற்றின் பொருள் வேறுபாட்டை ஒவ்வொரு தொடரில் காட்டுக. 'படிக்க கொடுத்தார்', 'படித்தக் கதை' ஆகியவற்றில் உள்ள பிழைகளைத் திருத்திக் காரணம் கூறுக. வீட்டில் உள்ள மருந்துப் பெட்டி ஒன்றின் ஆங்கிலக் குறிப்பைத் தமிழில் எழுதி, ஆங்கிலம் அறியாத ஒருவரிடம் படிக்கக் கொடுத்து, அவர் எவ்வாறு பொருள் கொண்டார் என்பதைக் குறிப்பேட்டில் பதிவுசெய்க.