ஏறப் பயப்படும் மனமும் அய்யா தந்த தலைப்பாகையும்



தோல்வியைக் கண்டு பயப்படுகிறவரை எல்லோருக்கும் தெரியும். பரீட்சைக்கு முந்தின ராத்திரி தூக்கம் வராத பிள்ளையும், வட்டிக்கு வாங்கிக் கடை வைத்தவரும் அந்த வகை. அவர்களுக்கு ஆறுதல் சொல்ல நாலு பேர் வருவார்கள். வெற்றியைக் கண்டு பயப்படுகிறவரைத்தான் யாருக்கும் தெரிவதில்லை. பல நேரம் அவருக்கே அது தெரிவதில்லை.

நெய்வேலி நகரியத்தில் இப்படிப்பட்டவரைத் தேட வேண்டியதில்லை. சுரங்கத்தில் இருபது வருடம் உழைத்து, இயந்திரத்தின் சத்தத்தை வைத்தே பழுது எங்கே என்று சொல்லிவிடுகிற தொழிலாளி இருப்பார். பதவி உயர்வுக்கான நேர்முகத் தேர்வு வந்தால் அன்று காலை அவருக்கு வயிற்று வலி வந்துவிடும். "மேற்பார்வைன்னா எல்லார் வாயிலயும் விழணும், நமக்கு எதுக்கு?" என்பார். மெயின் பஜாரில் நன்றாகக் கடை நடத்துகிறவர், பக்கத்துக் கடை காலியானாலும் எடுக்கமாட்டார். மருத்துவப் படிப்புக்கு வேண்டிய மதிப்பெண் வாங்கிய மகளிடம், "அவ்வளவு படிச்சா மாப்பிள்ளைக்கு எங்க போறது?" என்று பெற்ற தாயே கேட்பார். புது வண்டி வாங்கியவர் நாலு நாள் அதைத் துணி போட்டு மூடி வைத்திருப்பார். பணி ஓய்வு பெற்றால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும் என்று முதல் நாளிலிருந்தே தெரிந்திருந்தும், சொந்தமாக ஒரு வீடு கட்டத் துணியாமல் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தவர்களும் உண்டு. கேட்டால், "கட்டினா ஊர் பேசும்" என்பார்கள்.

இவர்களுக்குத் திறமை குறைவில்லை. சோம்பேறித்தனமும் கிடையாது. ஏறுவதற்கு ஏணி சாத்தியிருக்கிறது, காலும் நன்றாக இருக்கிறது, மனம்தான் முதல் படியில் நின்றுகொள்கிறது.

இது உலகத்தில் பல இடங்களில் உள்ள சங்கதிதான். 1960களின் கடைசியில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மாட்டினா ஹார்னர் என்ற பெண் ஆராய்ச்சியாளர் மாணவ மாணவிகளிடம் கதையின் முதல் வரியைக் கொடுத்து, மீதியை எழுதச் சொன்னார். மருத்துவக் கல்லூரித் தேர்வில் ஆன் என்ற பெண் வகுப்பிலேயே முதலாவதாக வந்துவிட்டாள் என்பதுதான் அந்த வரி. எழுதிய பெண்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் அவளுக்குத் துன்பத்தையே எழுதினார்கள். தோழிகள் விலகிப் போனார்கள், கல்யாணம் நடக்கவில்லை, அவள் படிப்பையே விட்டுவிட்டாள் என்றெல்லாம் கதை போயிற்று. ஆண் மாணவர்களுக்கு ஜான் என்ற பையன் முதலாவதாக வந்ததாக வரி கொடுக்கப்பட்டது. அவர்களில் மிகச் சிலரே அவனுக்குக் கெடுதல் எழுதினார்கள். பின்னாளில் இதே சோதனையைச் செய்த மற்றவர்களுக்குக் கணக்கு முன்னும் பின்னுமாக வந்தது, ஆண்களிடமும் இந்தப் பயம் தெரிந்தது. எண்ணிக்கை எப்படி இருந்தாலும், மேலே போனால் தண்டனை உண்டு என்று மனத்துக்கு யாரோ கற்றுக் கொடுத்திருக்கிறார்கள் என்பது தெளிவாயிற்று.

அய்யாவின் மக்களுக்கு அதைக் கற்றுக் கொடுத்தது யார் என்று தேட வேண்டியதில்லை. அய்யாவின் பெயரிலேயே அந்தச் சரித்திரம் இருக்கிறது. 1809-ஆம் ஆண்டு பிறந்த குழந்தைக்குப் பெற்றோர் ஆசையாக முடிசூடும் பெருமாள் என்று பெயர் வைத்தார்கள். தாழ்த்தப்பட்ட குடியில் பிறந்த பிள்ளைக்கு முடியும் பெருமாளும் எதற்கு என்று மேல்சாதியினர் எதிர்த்தார்கள். பெயர் முத்துக்குட்டி என்று மாற்றப்பட்டது. தொட்டிலில் கிடக்கும் பிள்ளையின் பெயர்கூட உயரக்கூடாது என்றிருந்த காலம் அது.

அன்றைய திருவிதாங்கூரில் தாழ்த்தப்பட்ட குடிகள் தலையில் துண்டு கட்டக்கூடாது, இடுப்பில்தான் கட்ட வேண்டும். முழங்காலுக்குக் கீழே வேட்டி இறங்கக்கூடாது. குடை பிடிக்கக்கூடாது, காலில் செருப்பு கூடாது, பொன் நகை கூடாது, வீட்டுக்கு மாடி கூடாது. பெண்கள் தோள்சீலை போடக்கூடாது, தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைக்கக்கூடாது. தலைக்கு வரி, பனைக்கு வரி, பனையேறும் ஏணிக்கும் வரி. இவை போதாதென்று கூலியில்லா ஊழியம். நாலு காசு சேர்ந்தது தெரிந்தால் அதைப் பிடுங்க ஆள் வரும். நிமிர்ந்து நடந்தால் அடி விழும்.

அப்படிப்பட்ட காலத்தில் ஒரு தகப்பன் மகனுக்கு என்ன சொல்லி வளர்ப்பான்? "குனிந்து போ. இருப்பதை வெளியே காட்டாதே. முன்னால் நிற்காதே." இதைக் கோழைத்தனம் என்று யாரும் சொல்லக்கூடாது. பிள்ளை உயிரோடு வீடு திரும்ப அன்று இருந்த வழி அதுதான். அந்தப் பயம் முன்னோரைக் காப்பாற்றிய பயம்.

அந்தச் சட்டங்கள் எல்லாம் போய்விட்டன. தோள்சீலைக்கான தடை 1859-ல் தளர்ந்தது. மற்றவையும் ஒவ்வொன்றாக ஒழிந்தன. அடிக்கிற கை போய் நூறு வருடத்துக்கு மேல் ஆன பிறகும், குனியச் சொன்ன பேச்சு மட்டும் வீட்டுக்குள் தங்கிவிட்டது. "நமக்கு எதுக்கு", "ரொம்ப ஆடாதே", "கண்ணு பட்டுடும்" என்று இன்று வீடுகளில் கேட்பதெல்லாம் அந்தப் பேச்சின் மிச்சம்தான். காரணம் மறந்துபோயிற்று, பயம் மட்டும் பழக்கமாக நிற்கிறது. கலி வெளியில் ராஜாவாகவும் வரிகாரனாகவும் இருந்ததைவிட, இப்படி மனத்துக்குள் வந்து உட்கார்ந்திருப்பதே ஆபத்து. வெளியில் இருந்தபோது அவனை அடையாளம் தெரிந்தது.

இந்தப் பயத்துக்கு அய்யா தந்த மருந்து பள்ளியறைக்கு முன்னாலேயே இருக்கிறது. எதைக் கட்டினால் அடி விழும் என்று நடுங்கினார்களோ, அந்தத் தலைப்பாகையைக் கட்டிக்கொண்டு வா என்றார் அய்யா. மற்ற இடங்களில் சாமி முன்னால் தலைத்துண்டை எடுத்து இடுப்பில் கட்டுவதுதான் வழக்கம். அய்யாவின் பதியிலும் தாங்கலிலும் ஆண்கள் தலைப்பாகை கட்டித்தான் வணங்குகிறார்கள். பள்ளியறையில் சிலை இல்லை, கண்ணாடி இருக்கிறது. நெற்றியில் நாமமும் தலையில் பாகையுமாகப் போய் நிற்கிறவனுக்கு அதில் தெரிவது யார்? பெயரைக்கூடச் சுருக்கிக்கொள்ளச் சொல்லப்பட்ட குடியின் பிள்ளை, முடி சூடியவனாகத் தன்னையே பார்க்கிறான். வாரந்தோறும் இப்படி நின்று பார்த்துவிட்டு, திங்கட்கிழமை வேலையிடத்தில் "நமக்கு எதுக்கு" என்று சொன்னால், கண்ணாடியில் பார்த்ததை அவன் நம்பவில்லை என்றுதான் ஆகும்.

ஆனால் கண்ணாடி முன் ஒருநாள் நின்றால் பயம் போய்விடுமா என்றால், போகாது. பயம் எப்போது கிளம்பும், எப்படி அடங்கும் என்பதற்கு நெய்வேலி மண்ணே நல்ல பாடம்.

1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் தண்ணீருக்காகத் துளை போட்டபோது கறுப்பாக வெளியே வந்ததுதான் இந்த ஊரின் ஆரம்பம் என்பது இங்கே பிள்ளைகளுக்கும் தெரியும். நிலத்துக்குள் செல்வம் இருப்பது தெரிந்த பிறகும் உடனே எடுக்க முடியவில்லை. பழுப்பு நிலக்கரிப் படிவத்துக்கு மேலே பல மீட்டர் கனத்துக்கு மண்ணும் கடினமான மணற்கல்லும். அதைவிடப் பெரிய தொல்லை கீழே இருந்தது. படிவத்துக்கு அடியில் உள்ள மணலில் தண்ணீர் மிகுந்த அழுத்தத்தோடு அடைபட்டுக் கிடக்கிறது. மேலே மண் கனமாக இருக்கும்வரை அது அமைதியாக இருக்கும். மேல்மண்ணை எடுக்க எடுக்க, அழுத்திக்கொண்டிருந்த பாரம் குறையும். பாரம் குறைந்ததும் அடியில் உள்ள நீர் சுரங்கத்தின் தரையையே பிளந்துகொண்டு மேலே வரும்.

அதனால் இங்கே முதலில் தண்ணீரைச் சமாளிக்க வழி பார்த்தார்கள். ஆழ்துளைக் கிணறுகள் போட்டு, இறைத்துப் பார்த்து, அழுத்தம் குறையும் என்று உறுதியான பிறகே பெரிய வேலை தொடங்கியது. 1956 நவம்பர் 14-ல் நிறுவனம் உருவானது. 1957 மே மாதம் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். நிலக்கரி கண்ணில் பட 1961 ஆயிற்று. இன்றும் ஒரு டன் நிலக்கரி எடுக்கப் பல டன் தண்ணீர் இறைக்க வேண்டியிருக்கிறது. பக்கெட் வீல் ஒருநாள் நின்றாலும் நிற்கலாம், பம்பு நிற்கக்கூடாது.

மனிதன் சங்கதியும் இதுதான். வறுமையும் அடிமைத்தனமும் மேலே பாரமாக அழுத்திய காலத்தில் இந்தப் பயம் அடியில் சத்தமில்லாமல் கிடந்தது. ஏறுவதற்கு இடமே இல்லாதவனுக்கு ஏறப் பயம் எப்படித் தெரியும்? படிப்பு வந்து, வேலை வந்து, பாரம் குறைகிற சமயத்தில்தான் அது பீறிட்டுக்கொண்டு வரும். ஆகவே உயர்வு பக்கத்தில் வரும்போது மனம் கலங்கினால், "எனக்குத் தகுதியில்லை, அதனால்தான் கலங்குகிறது" என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. பாரம் இறங்குகிறது, பழைய நீர் மேலே வருகிறது, அவ்வளவுதான். இறைக்க வேண்டும். தினமும் இறைக்க வேண்டும்.

அய்யா துவையல் பந்தியை நடத்திய விதத்திலும் இந்தத் தினப்படிப் பயிற்சியைப் பார்க்கலாம். 700 குடும்பங்களை வாகைப்பதிக் கடற்கரைக்கு அனுப்பினார். பிறகு அவர்கள் முட்டப்பதியில் தங்கினார்கள். அங்கே அவர்களுக்குப் பெரிய தத்துவம் ஒன்றும் முதலில் சொல்லப்படவில்லை. நாளுக்கு மூன்று வேளை குளிக்க வேண்டும், உடுத்த துணியைத் துவைக்க வேண்டும், சுத்தமாகச் சமைத்துச் சேர்ந்து உண்ண வேண்டும். ஒருநாள் இரண்டுநாள் அல்ல, மாதக்கணக்கில். "நாம் அழுக்கானவர்கள்" என்று பிறர் சொல்லிச் சொல்லித் தாங்களே நம்பிவிட்டதைக் கடல் தண்ணீரில் தினமும் கழுவினார்கள். திரும்பிய மக்கள் நிமிர்ந்து நடந்தார்கள் என்றால், அந்தத் தினசரிப் பழக்கம்தான் காரணம்.

இங்கே சிலர் ஒரு கேள்வி கேட்பார்கள். உயர வேண்டும் என்று நினைப்பது ஆசை அல்லவா, அது அகங்காரத்தில் கொண்டுபோய் விடாதா? நியாயமான கேள்வி. தலைப்பாகையைப் பார்த்தாலே பதில் கிடைக்கும். அதைக் கட்டி நிற்கிறவர் மேலில் சட்டையில்லை, காலில் செருப்பில்லை. பக்கத்தில் நிற்பவர் தலையிலும் அதே பாகை, அதே நாமம். அதிகாரிக்கு ஒரு பாகை, ஒப்பந்தத் தொழிலாளிக்கு ஒரு பாகை என்று இல்லை. எல்லோரும் ஒரே தரையில் விழுந்து வணங்குகிறார்கள். தான் மட்டும் உயர வேண்டும் என்பது அகங்காரம். தன்னைக் குனிய வைத்த பயத்தைத் தள்ளிவிட்டு நிமிர்வதும், அடுத்தவனையும் நிமிர்த்துவதும் அய்யா சொன்ன தர்மம். தாழ்மையும் பயமும் வெளிப் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். கிடைத்த பிறகும் பணிந்து நடப்பது தாழ்மை. கிடைக்கும் முன்பே ஓடிப்போவது பயம். கடைக்காரர் சொல்லும் "போதும்" நிறைவிலிருந்து வந்ததா நடுக்கத்திலிருந்து வந்ததா என்பது அவர் மனத்துக்குத் தெரியும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். முன்னேறாதவர் எல்லோரும் பயந்தவர் அல்ல. பல்லாண்டு ஒப்பந்தக் கூலியாகவே உழைத்து நிரந்தரம் ஆகாதவரிடம், நிலம் கொடுத்துவிட்டு வேலைக்குக் காத்திருப்பவரிடம், "உனக்கு உயரப் பயம்" என்று உபதேசம் செய்வது பாவம். அவருக்கு வேண்டியது நியாயம். தாழக் கிடப்பவருக்குத் துணை நிற்பதுதான் அங்கே அய்யா மக்களின் வேலை. கதவு பூட்டியிருப்பது வேறு, திறந்த கதவுக்கு முன் கால் நடுங்குவது வேறு.

கால் நடுங்குகிறவர் செய்ய வேண்டியது பெரிய காரியம் அல்ல. உகப்படிப்பு முடிந்து கண்ணாடி முன் நிற்கும்போது, "இது கிடைத்துவிட்டால் எனக்கு என்ன கெட்டுவிடும்?" என்று மனத்துக்குள் கேட்டுப் பார்க்கட்டும். வீட்டுக்குப் போய் அதை ஒரு தாளில் எழுதட்டும். பெரும்பாலும் மூன்று நாலு பதில்தான் வரும். சொந்தக்காரர் பொறாமைப்படுவார், கூட வேலை செய்பவர் பேசமாட்டார், கண் படும், தவறு செய்தால் எல்லோர் முன்னும் தலைகுனிய வேண்டும். எழுதிய பிறகு பார்த்தால் சில பதில்கள் சிரிப்பு வரும்படி இருக்கும். சில உண்மையாகவே இருக்கும், அதற்கு வழி தேடலாம். கண் படும் என்ற பயத்துக்குப் பூசணிக்காய் உடைத்து நடு வட்டத்தில் போட்டு, வண்டியில் வருகிறவன் வழுக்கி விழ வைக்க வேண்டாம். பேய்க்கும் பிசாசுக்கும் படைக்காதே என்று அய்யா விலக்கிய பிறகு இது எதற்கு? அந்தக் காசில் ஒருவருக்கு அன்னதர்மம் செய்யலாம்.

ஏற்கெனவே ஏறியவர்களுக்கும் பங்கு உண்டு. மேற்பார்வையாளர் ஆன ஒருவர், அடுத்து தேர்வுக்குப் போகிறவரை வீட்டுக்குக் கூப்பிட்டு, உள்ளே என்ன கேட்பார்கள், எப்படி உட்கார வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தால் பாதிப் பயம் அங்கேயே வடிந்துவிடும். சுரங்கத்தில் இறைக்கிற நீர் வீணாகப் போவதில்லை, வயலுக்கும் பாய்கிறது. பயந்து பழகியவருக்குத்தான் அடுத்தவர் பயம் புரியும்.

பிள்ளைகளிடம் இதை இப்போதே தொடங்கிவிடலாம். ஏடு வாசிக்கும் நாளில் ஒரு பெண் குழந்தை தடங்கலில்லாமல் வாசித்து முடித்தால், கண் பட்டுவிடும் என்று பேச்சை மாற்றாமல், "நல்லா வாசிச்சேம்மா, அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீதான் முதல்ல" என்று எல்லோர் முன்னாலும் சொல்லட்டும்.