அழுத்த முடியாத பட்டன்

அன்புள்ள தங்கைக்கு,

நீ எடிட் செய்து அனுப்பிய ரசம் வீடியோவைப் பார்த்தேன். வெட்டுகள் சரியாக விழுந்திருக்கின்றன. பேச்சில் வரும் 'ம்', 'வந்து' எல்லாவற்றையும் துடைத்தெடுக்காமல் நாலைந்தை விட்டுவைத்திருக்கிறாய். அது எனக்குப் பிடித்தது. நீ கேட்டது வேறு. "சப்ஸ்கிரைப் அனிமேஷனுக்கு எந்த டெம்ப்ளேட் நல்லா இருக்கும்ணா?" என்றாய். எடிட்டிங்குக்கு வரும் எல்லோரும் கேட்கிற கேள்விதான். அதனால் உனக்கு எழுதுவதை மற்றவர்களும் படிக்கும்படி எழுதுகிறேன்.

முதலில் நீ போட்டிருப்பதைப் பார்ப்போம். திரையின் வலது கீழ்மூலையில் ஒரு சிவப்புப் பெட்டி துள்ளி வருகிறது. வெள்ளை அம்பு ஒன்று வந்து அதைக் கிளிக் செய்கிறது. பெட்டி சாம்பல் நிறமாகிறது. பக்கத்தில் மணி ஆடுகிறது, டிங். இது பட்டனின் படம், பட்டன் அல்ல. தொட்டால் சேனலில் ஒன்றும் நடக்காது, பிளேயரில்தான் நடக்கும். போனில் அந்த இடத்தை ஒருமுறை தொட்டால் பிளேயரின் கட்டுப்பாடுகள் வந்து படத்தை மறைக்கும். ஆர்வக்கோளாறில் இரண்டு முறை தட்டினால் வீடியோ 10 விநாடி முன்னால் ஓடிவிடும். உன் படத்தை நம்பி விரல் வைத்தவருக்கு ரசம் தாளிக்கும் இடம் போயிற்று.

ஒரு காலத்தில் அது நிஜமாகவே அழுத்தக்கூடியதாக இருந்தது. 2008இல் யூடியூப் 'அனோட்டேஷன்' என்ற வசதியைக் கொண்டுவந்தது. வீடியோவுக்குள் ஒரு பட்டனை வரைந்து, அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத கட்டம் ஒன்றை விரித்தால் போதும், கிளிக் செய்தவர் நேரே சேனலுக்குப் போய்விடுவார். அந்த நாள் எடிட்டர்களுக்கு அது பெரிய விளையாட்டு. ஆனால் அனோட்டேஷன் கம்ப்யூட்டரில் மட்டும்தான் வேலை செய்தது. பார்வையாளர்களோ போனுக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். 2017 மே மாதம் புதிதாகச் சேர்ப்பதை நிறுத்தினார்கள். 2019 ஜனவரியில் பழைய வீடியோக்களில் இருந்தவற்றையும் அழித்தார்கள். அந்தக் காலத்து வீடியோ ஒன்றைத் தேடிப் பார். தொகுப்பாளர் முகமெல்லாம் சிரிப்பாக, "இங்கே கிளிக் பண்ணுங்க" என்று தலைக்குமேல் வெறும் சுவரைக் காட்டிக்கொண்டிருப்பார். பரிதாபமாக இருக்கும். வசதி போனபிறகும் பழக்கம் போகவில்லை. நாம் இன்றும் பட்டனை வரைந்துகொண்டிருக்கிறோம்.

வரைவதையாவது இன்றைய பட்டனைப் பார்த்து வரைகிறோமா? 2022 அக்டோபரில் யூடியூப் தன் சப்ஸ்கிரைப் பட்டனின் சிவப்பை எடுத்துவிட்டது. வெள்ளைத் திரையில் கறுப்பாகவும், டார்க் மோடில் வெள்ளையாகவும், ஓரங்கள் உருண்ட மாத்திரை வடிவில் அது இருக்கிறது. இலவச டெம்ப்ளேட்களில் பெரும்பாலானவை இன்னும் சிவப்பு நீள்சதுரத்தையே காட்டுகின்றன. அதைப் பார்த்துவிட்டுக் கீழே தேடுகிறவர் சிவப்பைத் தேடுவார். அந்த வெள்ளை அம்பு இன்னும் மோசம். கட்டைவிரலால் வாழ்கிற ஊருக்கு மவுஸ் அம்பைக் காட்டி என்ன சொல்ல வருகிறோம்?

உண்மையான பட்டன் எங்கே இருக்கிறது என்று ஒருமுறை நிதானமாகப் பார். போனை நிமிர்த்திப் பிடித்தால் வீடியோவுக்குக் கீழே, சேனல் பெயரின் பக்கத்தில். போனைச் சாய்த்து முழுத்திரையில் பார்க்கும்போது அது கண்ணிலேயே படாது. டிவியில் பார்ப்பவர் ரிமோட்டை எடுத்து, கீழே இறங்கி, தேடி அழுத்த வேண்டும். 2023இல் யூடியூப், பேச்சில் 'சப்ஸ்கிரைப்' என்ற சொல் வரும்போது உண்மையான பட்டனே மினுங்கும் ஒரு வசதியைச் சேர்த்தது. கண்ணை அங்கே கொண்டுபோவதுதான் வேலை என்று அவர்களுக்கும் புரிந்திருக்கிறது. உன் அனிமேஷனும் அதையே செய்யலாம்: பட்டனைப்போல் நடிக்காமல், பட்டன் இருக்கும் பக்கம் காட்டலாம். கீழ்நோக்கி ஒரு சின்ன அசைவு, சேனலின் எழுத்துருவில், சேனலின் நிறத்தில், தமிழிலேயே இரண்டு சொல். அவ்வளவு போதும்.

அழுத்தக்கூடிய பட்டனும் உண்டு, அதை மறக்காதே. 2016இல் வந்த 'எண்ட் ஸ்கிரீன்' போனிலும் வேலை செய்யும். வீடியோ குறைந்தது 25 விநாடி இருக்க வேண்டும்; கடைசி 5 முதல் 20 விநாடிக்குள் சப்ஸ்கிரைப் வட்டத்தையும் அடுத்த வீடியோவையும் வைக்கலாம். அந்த வட்டத்துக்கு இடம்விட்டு ஷாட்டை அமைப்பது எடிட்டர் வேலை. படம் பிடிக்கிறவர்களிடம் முன்கூட்டியே சொல்லி, கடைசியில் 15 விநாடி அமைதியான பின்னணி எடுத்துத் தரச்சொல். இல்லாவிட்டால் பரிமாறிய இலைமேல் வட்டம் வந்து உட்காரும்.

சரி, நடுவில் எப்போது கேட்பது? கழைக்கூத்தாடிகளைப் பார்த்திருப்பாய். கூட்டம் சேர்ந்ததுமே தட்டை நீட்டமாட்டார்கள். எல்லாம் முடிந்தபிறகும் நீட்டமாட்டார்கள், அதற்குள் பாதிப்பேர் கலைந்திருப்பார்கள். சிறுமி கயிற்றின் பாதி வரை வந்து நிற்பாள், மேளம் அடங்கும், அப்போது தட்டு வரும். ஏதோ ஒன்று கிடைத்துவிட்டது, இன்னும் ஒன்று பாக்கியிருக்கிறது. உன் சமையல் வீடியோவில் அந்த இடம் எது? புளி கரைக்கும்போது, ரசம் வைக்கும் அந்த அம்மா, "மிளகையும் சீரகத்தையும் ரொம்ப மாவா அரைச்சுடாதீங்க, ரசம் மண்டியா போயிடும்" என்கிறார் பார், அதற்கு அடுத்த மூச்சு. பார்ப்பவர் 'அட, இதனாலதானா' என்று நினைக்கிற நேரம். நீயோ அதற்கு வெகு முன்னால், அளவுகள் எழுத்தில் வந்துகொண்டிருக்கும்போது போட்டிருக்கிறாய். மணி ஆடி முடிப்பதற்குள் பெருங்காயம் எவ்வளவு என்பது தெரியாமலே போய்விட்டது. அளவு, முகவரி, தேதி, மருந்துப் பெயர் என்று எது திரையில் எழுத்தாக நின்றாலும் அந்த நேரத்தில் வேறெதுவும் அசையக் கூடாது. இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

சேனல்காரர், "முதல் 10 செகண்டுலயே போட்டுடு" என்பார். அவர் அவசரம் புரியாததல்ல. 2018இல் விதி மாறியதிலிருந்து விளம்பர வருமானத்தில் பங்கு வேண்டுமென்றால் 1000 சப்ஸ்கிரைபரும் 12 மாதத்தில் 4000 மணிநேரப் பார்வையும் வேண்டும். ஷார்ட்ஸ் வழியாக வந்தால் 90 நாளில் 1 கோடி பார்வை. 870இல் நிற்கிறவருக்கு அந்த 130 பேர் தூக்கத்திலும் வருவார்கள். அவரிடம் 'டேஸ்ட்' பற்றிப் பேசாதே. யூடியூப் ஸ்டுடியோவைத் திறக்கச் சொல். பார்வையாளர் எந்த விநாடியில் விலகுகிறார் என்ற கோடு ஒவ்வொரு வீடியோவுக்கும் இருக்கிறது. எந்த வீடியோவால் எத்தனை சப்ஸ்கிரைபர் வந்தார்கள் என்பதும் இருக்கிறது. இரண்டு வீடியோவில் தொடக்கத்தில் வை, இரண்டில் நடுவில் வை, கோடு எங்கே சரிகிறது என்று அவரே பார்க்கட்டும். நான் சொல்வது அவர் சேனலில் தப்பாகவும் போகலாம். அப்படியானால் கோட்டைத்தான் நம்ப வேண்டும், என்னை அல்ல.

பார்வையாளரின் எரிச்சல் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு சாட்சி சொல்கிறேன். 'ஸ்பான்சர்பிளாக்' என்று பிரவுசருக்கான ஒரு எக்ஸ்டென்ஷன் உண்டு. வீடியோவுக்குள் வரும் விளம்பரப் பகுதிகளைப் பார்வையாளர்களே குறித்துவைக்க, அது மற்றவர்களுக்குத் தானாகத் தாண்டிக் கொடுக்கும். அதில் 'சப்ஸ்கிரைப் பண்ணுங்க, லைக் போடுங்க' என்று கேட்கும் இடங்களுக்கென்றே தனி வகை இருக்கிறது. யாரோ சம்பளம் வாங்காமல் உட்கார்ந்து, உன் மணியின் தொடக்க விநாடியையும் முடிவு விநாடியையும் குறித்துவைக்கிறார்! அந்தப் பொறுமையை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வரும், கொஞ்சம் பயமும் வரும்.

இனி செய்நேர்த்தி. ஒரு நல்ல சப்ஸ்கிரைப் நினைவூட்டல் 4 விநாடிக்குமேல் திரையில் இருக்க வேண்டியதில்லை. 25 ஃபிரேம் வேகத்தில் வேலை செய்கிறாய் என்றால், உள்ளே வர 8 ஃபிரேம் கொடு. வேகமாகப் புறப்பட்டு, நிற்கும் இடத்தை நெருங்கும்போது தளரட்டும். துளி தாண்டிப் போய்த் திரும்பி வந்து நிற்கட்டும். பிறகு ஆடாமல் அசையாமல் இரண்டரை விநாடி. வெளியே போக 6 ஃபிரேம். இந்தத் தளர்வும் தாண்டலும் நம் கண்டுபிடிப்பல்ல. டிஸ்னியில் வேலைசெய்த ஃபிராங்க் தாமஸும் ஆலி ஜான்ஸ்டனும் 1981இல் எழுதிய புத்தகத்தில் அனிமேஷனின் 12 அடிப்படைகளாகத் தொகுத்தவற்றில் வருகிறவைதான். கீஃப்ரேமை நேர்க்கோட்டிலேயே விட்டால் லிஃப்ட் கதவு மாதிரி வந்து போகும். நின்ற பிறகும் துள்ளிக்கொண்டே இருந்தால் கண் கதை சொல்பவரிடம் திரும்பாது. மினுங்க வைக்காதே, விநாடிக்கு மூன்று முறைக்குமேல் மின்னுவது வலிப்பு வரக்கூடியவர்களுக்கு ஆபத்து.

உன் வீடியோவில் பெட்டியைச் சுற்றிப் பச்சை விளிம்பு தெரிகிறது, கவனித்தாயா? பச்சைப் பின்னணி கொண்ட எம்பி4ஐ இறக்கி, குரோமா கீ போட்டிருக்கிறாய். சாதாரண எம்பி4இல் வெளிச்சம் பிக்சலுக்குப் பிக்சல் இருக்கும், நிறமோ நான்கு பிக்சலுக்கு ஒன்றுதான். விளிம்பில் எது சிவப்பு, எது பச்சை என்று மென்பொருள் ஊகிக்கிறது. அதனால்தான் அந்த அழுக்கு ஓரம். பின்னணியே இல்லாத கோப்பாகச் செய்: புரோரெஸ் 4444, அல்லது பிஎன்ஜி வரிசை. இரண்டுமே ஆல்பாவை, அதாவது எந்த இடம் ஒளிபுகும் என்ற தகவலை, சுமக்கும். போனில் கைன்மாஸ்டரில் வேலை செய்பவள் நீ, உனக்கு இன்னும் எளிது: பின்னணி நீக்கிய ஒரே ஒரு பிஎன்ஜி போதும், வருவதையும் போவதையும் அந்த ஆப்பே செய்யும்.

இடம்: கீழ் நடுவில் சப்டைட்டில் வரும், கீழ் ஓரத்தில் நேரம் காட்டி ஓடும் கோடு, வலது மேலே யூடியூப் கார்டு, வலது கீழே சேனலின் வாட்டர்மார்க். இடது பக்கம், கீழிருந்து கால்பங்கு உயரத்தில் வை. ஷார்ட்ஸில் வலது ஓரமும் கீழ்ப்பகுதியும் ஆப்பின் எழுத்துகளுக்கே சரியாகிவிடும். அங்கே அனிமேஷனே வேண்டாம், பட்டன் ஏற்கெனவே திரையில் தெரிகிறது.

சத்தம்தான் யாரும் யோசிக்காதது. அந்த டிங் பேச்சைவிட உரக்க இருந்தால் ஹெட்போனில் கேட்பவருக்குக் காதில் குத்தும். தாளிக்கிற இடத்தில் எண்ணெய்ச் சத்தமே விருந்து, அங்கே மணி எதற்கு? பாட்டு வகுப்பு வீடியோ ஒன்றுக்கு நீ வேலை செய்யப் போவதாகச் சொன்னாய். தம்பூரா ஓடிக்கொண்டிருக்கும்போது ஸ்ருதி சேராத ஒரு டிங் விழுந்தால் மாணவி சட்ஜத்தைத் தொலைப்பாள். ஒன்று, மணியை அந்த ஸ்ருதியின் சட்ஜத்துக்கோ பஞ்சமத்துக்கோ மாற்று. இல்லையென்றால் சத்தமே வேண்டாம்.

குழந்தைப் பாட்டு சேனல் கேட்டு வந்தால் ஒன்றைச் சொல்லிவிடு. சேனல் குழந்தைகளுக்கானது என்று குறிக்கப்பட்டிருந்தால் அறிவிப்பு தரும் பெல் வசதியே கிடையாது. எண்ட் ஸ்கிரீனும் வாட்டர்மார்க்கும் கிடையாது. 2020 ஜனவரியிலிருந்து இப்படித்தான். அங்கே ஆடும் மணியைப் போடுவது இல்லாத பொருளுக்கு விளம்பரம். செய்தி வீடியோ என்றால் மரணம், விபத்து, கோர்ட்டில் நிற்பவரின் முகம்: இவற்றின்மேல் துள்ளும் எதையும் போடாதே. சேனல்காரர் கட்டாயப்படுத்தினால் அந்த வேலையை விட்டுவிடு என்று சொல்லமாட்டேன், உனக்கும் வாடகை இருக்கிறது, அனிமேஷனை வீடியோவின் கடைசிக்குத் தள்ளிவை.

மணியைவிடக் குரல்தான் மனதில் நிற்கும். நம் ஊரிலேயே 2021 ஜூலையில் ஒரு கோடி சப்ஸ்கிரைபரைத் தொட்ட முதல் தமிழ்ச் சேனல் புதுக்கோட்டைப் பக்கத்துச் சமையல்காரர்களுடையது, வில்லேஜ் குக்கிங் சேனல். பார்த்தவர்களைக் கேட்டால் அதில் வரும் தாத்தாவின் குரலையும் 'ஆல்வேஸ் வெல்கம்ஸ் யூ' என்ற அழைப்பையும்தான் சொல்வார்கள். உன் ரச அம்மாவுக்கும் குரல் இருக்கிறது. "அடுத்த வாரம் பருப்பு உருண்டைக் குழம்பு, வந்துடுங்க" என்று அவரே கேமராவைப் பார்த்துச் சொல்லட்டும்; நீ கீழே ஒரு வரி எழுத்து மட்டும் காட்டு. பார்வை தெரியாதவர்களுக்கும் அது போய்ச்சேரும், உன் மணி ஆடுவது அவர்களுக்குத் தெரியப்போவதில்லை.

கடைசியாகக் காசு. ஒரு சேனலுக்கென்று எழுத்துரு, நிறம், அசைவு எல்லாம் யோசித்து நினைவூட்டல் செய்து கொடுப்பது தனி வேலை. எடிட்டிங் தொகைக்குள் சேர்த்துவிடாதே. ஒருமுறை செய்தால் அவர்கள் வருடக்கணக்கில் பயன்படுத்துவார்கள். "டெம்ப்ளேட் ஃப்ரீயா கிடைக்குதே" என்பார்கள். அந்தச் சிவப்புப் பெட்டியையும் அவர்கள் சேனலின் உண்மையான பட்டனையும் ஒரே போனில் அடுத்தடுத்துக் காட்டிவிட்டு, பிறகு விலையைச் சொல்.

அன்புடன்,
அண்ணன்