கிணற்று ஜலத்திலுள்ள ப்ளோரைடும் நீடித்த நோயாளிகளும்

ஜலம் தெளிவாயும் ருசியாயும் இருந்துவிட்டால் அது குற்றமற்றதென்று கருதுவது கிராமங்களில் வழக்கம். ப்ளோரைட் என்னும் பொருளோ, கிணறுகளில் சாதாரணமாய்க் காணப்படும் அளவில், ஜலத்தின் நிறத்தையாவது வாசனையையாவது ருசியையாவது மாற்றுவதில்லை. அது பாறைகளிலுள்ள சில தாதுக்களிலிருந்து கரைந்து ஊற்று நீரில் சேருகிறது. சுண்ணாம்புச் சத்து மிகுந்த ஜலத்தில் அது அதிகமாய்க் கரைந்து நிற்பதில்லை. அச்சத்துக் குறைந்து சோடா உப்பு மிகுந்த ஜலத்தில் எளிதில் கரைந்து நிற்கும். ஆகையால் பருப்பு நன்றாய் வேகிறதென்றும், சவுக்காரம் நன்றாய் நுரைக்கிறதென்றும் ஊரார் மெச்சும் கிணறே சில சமயங்களில் சந்தேகத்துக்கு உரியதாகிறது.

இந்தியாவில் இத்தீங்கு முதன்முதல் கால்நடைகளிடத்தேதான் புலப்பட்டது. 1930-ஐ அடுத்த சில ஆண்டுகளில் தெலுங்கு நாட்டுக் குடியானவர்கள், தங்கள் உழவு மாடுகள் மூட்டு விறைத்து நடக்கமாட்டாமல் போவதைக் கண்டனர். 1937-ஆம் ஆண்டில் ஷார்ட் என்னும் வைத்தியரும் அவருடைய துணைவர்களும், அக்காலத்துச் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த நெல்லூர் ஜில்லாவில், மக்களின் முதுகெலும்பும் மூட்டுகளும் விறைத்துப்போவதற்குக் குடிநீரிலுள்ள ப்ளோரைடே காரணமென்று வெளியிட்டனர். தமிழ்நாட்டில் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகள் இவ்விஷயத்தில் பேர்பெற்றவை. அவ்விடங்களுக்குக் காவேரி ஜலத்தைக் கொண்டுவரும் ஒகேனக்கல் திட்டம் 2013-இல் தொடங்கி வைக்கப்பட்டது இதன் பொருட்டேயாம்.

குழந்தைகளின் பற்களில் வெண்மையாகவும் பழுப்பாகவும் கறை விழுவது பலரும் அறிந்த அடையாளம். பற்கள் ஈறுக்குள் உருவாகும் இளம்பருவத்தில் அந்த ஜலத்தைக் குடித்தவர்களுக்கே அக்கறை உண்டாகும். கலியாணமாகி வேற்றூரிலிருந்து வந்த பெண்ணின் பற்கள் வெண்மையாய் இருப்பதைக் கொண்டு, அவளுடைய எலும்புகளும் பழுதற்றவை என்று தீர்மானிக்கலாகாது.

நீடித்த நோயாளிகளுக்கு நேரும் அபாயம் இதைக்காட்டிலும் அதிகமாய் மறைந்து நிற்பது. சுகதேகியான ஒருவர் உட்கொள்ளும் ப்ளோரைடில் ஏறக்குறையப் பாதி சிறுநீரோடு கழிந்துவிடுகிறது. எஞ்சியதில் பெரும்பகுதி எலும்பில் படிகிறது. கழிக்கும் வேலை சிறுநீரகங்களுடையது. அவை கெட்டிருந்தால் கழிவு குறைந்து படிவு கூடும். அமெரிக்காவில் 1972-இல் வெளியான ஒரு வைத்திய அறிக்கையில், நெடுங்காலச் சிறுநீரக நோயுள்ள இளவயதினர் இருவர் கூறப்பட்டிருக்கின்றனர். அவர்கள் குடித்த ஜலத்தில் லிட்டருக்கு 1.7 முதல் 2.6 மில்லிகிராம் வரைதான் ப்ளோரைட் இருந்தது. நோயினால் தாகம் மிகுந்து அவர்கள் மிகுதியாய் ஜலம் அருந்தினர்; அவர்களுடைய எலும்புகளில் ப்ளோரைட் நோய் கண்டது.

தாகம் என்பது இங்கே அற்ப விஷயமன்று. இந்தியத் தரநிர்ணயத்தின்படி குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் ப்ளோரைட் ஏற்கத்தக்கது; வேறு ஜலம் கிடையாத இடத்தில் 1.5 வரை அனுமதிக்கப்படும். நாளொன்றுக்குச் சுமார் 6 மில்லிகிராமுக்கு மேற்பட்டால் எலும்புக்குத் தீங்கு நேரக்கூடுமென்று உலக சுகாதார ஸ்தாபனம் கருதுகிறது. இரண்டு லிட்டர் குடிப்பவருக்கு 1.5 என்னும் அளவு 3 மில்லிகிராம் தரும். சித்திரை வெயிலில் ஏர் பிடித்து ஆறு லிட்டர் குடிப்பவருக்கோ அதே கிணறு 9 மில்லிகிராம் தந்துவிடுகிறது. கட்டுக்கடங்காத நீரிழிவுள்ளவர் நிழலில் இருந்தும் அவ்விதமே குடிப்பார். அந்நோய் நெடுநாள் நீடித்தால் சிறுநீரகமும் கெடும். ஆகவே சட்டப்படி குற்றமற்ற கிணறு அவர் விஷயத்தில் குற்றமற்றதென்று சொல்வதற்கில்லை.

இன்னொரு கேடும் உண்டு. இடுப்பும் முழங்காலும் பிடித்துக்கொள்வதை வாதமென்று எண்ணிக் கடையில் வலிமாத்திரை வாங்கி மாதக்கணக்காய் விழுங்குவோர் அனேகர். அத்தகைய மாத்திரைகளை நெடுநாள் உண்பது சிறுநீரகத்தைக் கெடுக்கும். சிறுநீரகம் கெட்டால் ப்ளோரைட் மேலும் தேங்கும். தேங்கினால் வலி மிகும். வலி மிகுந்தால் மாத்திரை கூடும். இச்சுழலில் அகப்பட்டவருக்கு மாத்திரையை மாற்றுவதைவிடக் குடத்தை மாற்றுவது முந்திய காரியம்.

எவ்வளவு ஜலம் குடிக்கலாமென்பது சிறுநீரக நோயாளிக்கு வைத்தியர் நிர்ணயிக்க வேண்டியது. எந்த ஜலமென்பதை வீட்டாரும் ஊராட்சியாரும் நிர்ணயிக்க வேண்டும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டச் சோதனைச் சாலைகளில் ஜலம் பரீக்ஷிக்கப்படுகிறது. மாதிரியைக் கண்ணாடிக் குப்பியில் அன்றிச் சுத்தமான பிளாஸ்டிக் குப்பியில் எடுப்பது நலம். அடுத்தடுத்த இரண்டு ஆழ்துளைக் கிணறுகளில் அளவு வெகுவாய் வேறுபடலாமாதலால் ஒன்றின் முடிவை மற்றொன்றுக்குக் கொள்ளக்கூடாது. கோடையில் ஒரு முறையும் மழைக்குப் பின் ஒரு முறையும் சோதிப்பது உசிதம். ஊர்க் கிணறுகளின் அளவுகளைக் கிராம அதிகாரிகள் ஒரு பலகையில் எழுதி எல்லோரும் காணும்படி வைக்கலாம்.

காய்ச்சுவதால் ப்ளோரைட் நீங்காது. நீர் சுண்டிய அளவுக்கு அதன் விகிதம் கூடவே செய்யும். படிகாரமும் சுண்ணாம்பும் இட்டுத் தெளியவைக்கும் நல்கொண்டா முறை நாகபுரி ஆராய்ச்சி நிலையத்தாரால் வகுக்கப்பட்டது, செலவு குறைந்தது. ஆயினும் படிகாரத்திலுள்ள அலுமினியம் சிறிது ஜலத்தில் தங்கக்கூடும். அதையும் கழிக்க வேண்டியது சிறுநீரகமேயாதலால், அந்நோயாளிகளுக்கு இம்முறை உகந்ததன்று. ஆர்.ஓ. என்னும் சவ்வு வடிகட்டி ப்ளோரைடைப் பெரும்பாலும் நீக்கும். அது கழித்துவிடும் ஜலத்தில் ப்ளோரைட் செறிந்திருக்குமாதலால் அதை மாட்டுத் தொட்டிக்குத் திருப்பலாகாது.

மழை ஜலத்தில் ப்ளோரைட் இல்லையென்றே சொல்லலாம். 100 சதுர மீட்டர் ஓட்டுக்கூரையின்மேல் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1,000 லிட்டர் விழுகிறது. சேதாரம் போக 800 லிட்டர் கிடைக்கும். ஐவர் உள்ள குடும்பத்தில் குடிக்கவும் சமைக்கவும் தலைக்கு 5 லிட்டர் என்றால் ஒரு மாதத்துக்கு வேண்டியது 750 லிட்டரே. தொட்டி சிறிதாயிருப்பின் அந்த ஜலத்தை நோயாளிக்கும் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிக்கும் ஒதுக்கிவிட்டுக் குளிக்கவும் துவைக்கவும் கிணற்று ஜலத்தைக் கொள்ளலாம். பருவத்தின் முதல் மழையில் கூரையைக் கழுவவிட்டு, பிறகு பிடிக்கும் ஜலத்தைத் துணியில் வடிகட்டி, வெளிச்சமும் கொசுவும் புகாதபடி மூடிவைக்க வேண்டும்.